பேர் வெட்டிய தட்டு

அடுகோடி
9 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சிந்து எழுதுகிறேன். நீ போனை எடுக்கவில்லை. இந்தப் பத்து நாளில் எத்தனை முறை அடித்தேன் என்று உன் போனே சொல்லும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று மூன்று முறை பேசிப் பதிவு செய்தேன். திரும்பக் கேட்டால் என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது. அழித்துவிட்டேன்.

நான் தங்கியிருக்கும் பிஜி ஹாஸ்டல், பிரிஜெட் அக்கா வீட்டுக்கு அடுத்த தெரு. நேற்று பால் வாங்கும்போது அவரைப் பார்த்தேன். உன் லைனில்தான் இன்னும் தைக்கிறாராம். "உங்க அக்கா போன்ல பேச மாட்டா. நீ எழுதிக் குடு, திங்கக்கிழம அவ மிஷின் மேல வெச்சுடறேன். படிச்சாப் படிக்கட்டும், இல்லன்னா சட்டப் பாக்கெட்டோட சேத்துத் தெச்சு ஃபாரினுக்கு அனுப்பட்டும்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உன் தட்டின் அந்தப் படம் உங்கள் ஃபேக்டரிக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி ஊரெல்லாம் ஃபேக்டரிகளில் ஹெல்த் கேம்ப் நடத்துகிறது. நான் பேனருக்கு வரிகள் எழுதிக் கொடுப்பவள், அவ்வளவுதான். எந்த பேனர் எங்கே போகிறது என்று என்னிடம் யாரும் சொல்வதில்லை. ஏதோ தவறி நடந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் நான் பேசியதும் கோபத்தில் வந்ததுதான்.

இப்போது எழுதுவது உன் காலுக்காக. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று உன் வலது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் இருந்தது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாய். அதற்கு முன்பே பத்து நாளாக அது ஆறாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேம்பில் எல்லாருக்கும் எடை பார்த்து, சர்க்கரை பார்த்தார்களாம். நீ மட்டும் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டாயாம். என்மேல் உள்ள கோபத்தைக் காலில் காட்டாதே, அக்கா. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அதை மட்டும் செய்துகொள்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. காலையில் இட்லி தருகிறார்கள்.

சிந்து


பொம்மனஹள்ளி
12 ஜூன்

சிந்துவுக்கு வேதநாயகி எழுதுவது.

வீட்டில் வேறு தாள் இல்லை. துணிக்கட்டோடு வரும் பண்டில் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள், பிழை இருக்கும். திருத்திப் படித்துக்கொள்.

கேம்பில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

கேன்டீனில் டேபிளை எல்லாம் ஓரம் தள்ளி, சுவரில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்தப் பக்கம் வெள்ளைப் பீங்கான் தட்டில் பச்சை பச்சையாக இலை, பழம், அதற்கு டிக். வரிசை மெதுவாகப் போனது. எங்கள் லைன் பாமாதான் முதலில் பார்த்தாள். "ஏய், இங்க பாருங்கடி, தட்டுல தமிழ்ல பேரு வெட்டியிருக்கு" என்று கிட்டே போய் எழுத்துக் கூட்டினாள். "அக்கா... வேத... நாயகிக்கு... சிந்து." படித்து முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கோவிந்தப்பா "ஏனு பரெதிதே?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "நம்ம வேதாவோட தட்டு சார். நமக்குத் தெரியாம மாடலிங் போயிட்டு வந்திருக்குது." கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "ஆமா, எந்தங்கச்சி ஆபீசு. நாந்தான் எடுத்துக்கோடின்னு குடுத்தேன்" என்றேன்.

உனக்காக அந்தப் பொய்யைச் சொன்னேன். எனக்காகவும்தான்.

அடுத்தது எடை பார்க்கும் மிஷின். அதில் ஏறினால் ஒரு நர்ஸ் நம்பரை உரக்கச் சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். அந்தத் தட்டுக்குக் கீழே நின்று என் நம்பரை ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ முதல் சம்பளத்தில் அந்தத் தட்டை வாங்கி வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? "நீ எப்பவும் குண்டானிலேயே போட்டு வழிச்சு சாப்பிடற, இனிமே இதுல சாப்பிடு" என்றாய். மறுநாள் அதை டிபன் பையில் வைத்து எடுத்துப்போய் லைன் முழுக்கக் காட்டியவள் நான். பாமா கையில் வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அதனால்தான் கேன்டீனில் என்னால் வேறு ஏதோ வேதநாயகி என்று சொல்ல முடியவில்லை.

தவறி நடந்தது என்று எழுதியிருக்கிறாய். அன்று சாயங்காலம் கோபத்தில் ஏதோ பேசியதாக எழுதியிருக்கிறாய். என்ன பேசினாய் என்று எழுதவில்லை. உனக்கு எழுத வராவிட்டால் நான் எழுதுகிறேன். "நான் என்ன பொய்யா போட்டேன்? நீ திங்கறதத்தான போட்டேன்."

ஆடு மாடுதான் தின்னும். உனக்கு மூன்று வயதிலிருந்து நான் கேட்டது சாப்பிட்டியா என்றுதான். ஒரு நாளும் தின்னியா என்று கேட்டதில்லை.

கால் நன்றாக இருக்கிறது.

வேதநாயகி


அடுகோடி
16 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சீட்டை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். பாமா அக்கா எழுத்துக் கூட்டும் இடம் வந்ததும் மடித்துவிடுகிறேன். நீ பிழை இருக்கும் என்று எழுதியிருந்தாய். ஒரு பிழைகூட இல்லை. போன கடிதத்தில் பிழை என்னுடையதுதான். தவறி நடந்தது என்று எழுதினேன் அல்லவா, தவறி நடக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு மீட்டிங். ராகேஷ் என்பவர் எங்கள் மேனேஜர். "நெட்டில் கிடைக்கும் படம் வேண்டாம். தொழிலாளிகள் வீட்டில் நிஜமாகச் சாப்பிடும் தட்டு வேண்டும்" என்றார். பதினோரு பேர் இருந்தோம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இல்லை. எட்டு மாதமாக அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறந்ததில்லை. அங்கே பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியும், ஆனால் என் முறை வருவதற்குள் பேச்சு தாண்டிப் போய்விடும். அன்று நான் "கொண்டுவருகிறேன்" என்றேன். ராகேஷ் முதல்முறையாக என் பெயரைச் சரியாகச் சொல்லி நன்றி சொன்னார்.

அந்த ஞாயிறு நீ ஓவர்டைம் முடித்து மூன்று மணிக்கு வந்தாய். நான் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தாய். சோறு போட்டு, காலையில் வைத்த உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றினாய். பொரியல் இல்லை. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து அதன்மேல் நொறுக்கிப் போட்டாய். தண்ணீர் எடுக்க எழுந்தாய். அப்போது எடுத்தேன். உன் முகம் இல்லை, கை இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தது. தட்டின் விளிம்பு என் கண்ணில் படவே இல்லை.

ஆனால் பிறகு பட்டது. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பேனரை வரையும் பையன் ஒடிசாக்காரர். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்தை அவர் ஏதோ பூவேலை என்று நினைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். "விளிம்பில் அழகான டிசைன் ஒன்று இருந்தது, மங்கலாகத் தெரிந்தது. நான் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கிறேன், எப்படி இருக்கிறது?" என்றார். திரையில் உன் பெயர் என் முழங்கை அளவுக்கு இருந்தது. கீழே என் பெயர்.

அது டிசைன் இல்லை, என் அக்காவின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எங்கள் வீட்டுத் தட்டு என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் எடுத்தேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். நான் "நைஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

இனி நல்ல செய்தி ஒன்று. தட்டு எனக்குத் தெரிந்த ஒருவருடையது என்று ராகேஷிடம் இப்போது சொல்லியிருக்கிறேன். அப்படியானால் அவரை எங்கள் திட்டத்தில் சேர்க்கலாம் என்கிறார். ஆறு மாதம் டாக்டர், டயட்டீஷியன், பரிசோதனை எல்லாமே இலவசம். முதல் நாளும் கடைசி நாளும் ஒரு போட்டோ மட்டும் எடுப்பார்கள். யோசித்துப் பார், அக்கா. அதற்குள் நீயாகவே சிலவற்றை மாற்றலாம். காலையில் சித்ரான்னத்துக்குப் பதில் ஓட்ஸ். மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காய் கூட்டிக்கொள். நாலு மணிக்கு பன் வேண்டாம், ஒரு ஆப்பிள் சாப்பிடு.

கால் எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுது.

சிந்து


பொம்மனஹள்ளி
20 ஜூன்

சிந்துவுக்கு,

ஆப்பிள் சாப்பிடச் சொல்லியிருக்கிறாய். சரி.

என் ஒரு நாளை உனக்கு எழுதுகிறேன். நீ என்னோடு ஒரே அறையில் இருந்தவள்தான், ஆனால் நான் கிளம்பும்போது தூங்குவாய், வரும்போது படிப்பாய். நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தால் ஏழேகாலுக்கு வேன். நடுவில் சமைத்தால்தான் சமையல். உட்கார்ந்தால் மணிக்கு எழுபது சட்டைப் பாக்கெட் தைக்க வேண்டும். பாத்ரூம் போக கோவிந்தப்பாவிடம் டோக்கன் கேட்க வேண்டும். அதைக் கேட்கக் கூசி நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. மதியம் அரை மணி. அதில் கை கழுவும் வரிசையே பத்து நிமிஷம். நாலு மணிக்கு வயிறு கத்தும். வயிறு கத்தினால் கை நடுங்கும், கை நடுங்கினால் தையல் கோணும், கோணினால் பீஸ் திரும்பி வரும். பேக்கரி பன்னும் ஒரு கிளாஸ் சர்க்கரை டீயும் ஆறரை மணிவரை தாங்கும். ஆப்பிள் அரை மணி நேரம்கூடத் தாங்காது. எங்கள் லைனில் வீணாவும் ஒரு தடவை உன்னை மாதிரி யாரோ சொன்னதைக் கேட்டு வெள்ளரிக்காய் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் மிஷின் மேலேயே தலை சுற்றி விழுந்தாள். இப்போது பன் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாள்.

ஓட்ஸ் விலையை நீ கடையில் பார்த்திருப்பாய். நானும் பார்த்திருக்கிறேன். திரும்ப வைத்துவிட்டு வந்தேன். கீரை சல்லிசுதான். ஆனால் ஆய்ந்து, மண் போகக் கழுவ முக்கால் மணி நேரம். சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் பிரித்தால் போதும். நாக்கில் உப்பும் காரமும் பட்டால்தான் அன்றைக்கு ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கும். இதை உன் படிப்பில் எந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

இன்னொன்று. சொல்லிக்காட்டுகிறாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். வாரத்துக்கு ஆறு முட்டை வாங்குவேன். ஆறும் உனக்கு. எனக்கு முட்டை நாற்றம் ஆகாது என்று சொல்வேன். அம்மா செத்தபோது எனக்குப் பதினெட்டு வயது, உனக்கு எட்டு. அதற்கு முன்னால் எனக்கு முட்டை என்றால் உயிர். காய் வாங்கும் நாளில் காய் உன் தட்டுக்கு. மிச்சம் இருக்கும் சோறு வீணாகக் கூடாது, அது என் வயிற்றுக்கு. ஒரே அடுப்பு, ஒரே குண்டான். நீ மெலிந்து நின்றாய், நான் இப்படி ஆனேன். பார்க்கிறவர்கள் நான் உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் நினைப்பார்கள்.

நீ இந்த வேலையில் சேர்ந்த பிறகு உன் முன்னால் சாப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். கவனித்தாயா? நான் தட்டைப் போட்டால் உன் கண் அதில் ஒரு முறை வந்து போகும். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். கண்மட்டும் வந்து போகும். அதனால் நீ குளிக்கும்போது அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன், இல்லை நீ தூங்கும்போது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தூங்குகிறாய் என்றுதான் தட்டையே எடுத்தேன்.

சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். போன வருஷம் மே மாதம் மெடிக்கல் ஷாப்பில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். இருநூற்றுத் தொண்ணூறு. உனக்குக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, சொல்லவில்லை. அப்புறம் உனக்கு இந்த வேலை கிடைத்தது. இனிமேல் சொன்னால் நீ என் தட்டைத்தான் பார்ப்பாய் என்று சொல்லவில்லை.

உன் ராகேஷிடம் சொல்லிவிடு. முதல் நாள் போட்டோ அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடைசி நாள் போட்டோவுக்கு நான் வர மாட்டேன். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று அவரிடம் சொன்னாயாம். நல்லது. அப்படியே இருக்கட்டும்.

காலைப் பற்றி இனி எழுதாதே.

வேதநாயகி


அடுகோடி
23 ஜூன், ஞாயிறு

அக்கா,

பிரிஜெட் அக்கா இன்று சர்ச்சிலிருந்து வரும் வழியில் பிஜி வாசலிலேயே என்னை நிறுத்தினார். "உங்க அக்கா இப்பல்லாம் தெனமும் ரெண்டு மொழம் மல்லி வெச்சுக்கிட்டு வர்றா. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? மிஷின் கிட்ட போனா வாடை வருது, சிந்து. பெடலை இடது கால்ல மிதிக்கிறா. கேட்டா, புது ஸ்டைலுங்கறா" என்றார்.

நீ எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றில் நான் உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் சொன்னேன். பேனரைப் போட்டார்கள், அடுத்து எந்த ஃபேக்டரி என்று பேச ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை, எனக்கு அது அப்போது மறந்துவிட்டது. அந்தத் தட்டு என் அக்காவுடையது, அதில் இருப்பது டிசைன் இல்லை, அவள் பெயர், நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அவளைக் கேட்காமல் படம் எடுத்தேன் என்றேன். இங்கிலீஷ் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். யாருக்குப் புரிந்தது என்று தெரியாது.

ராகேஷ் பேனரை ஒரு முறை பார்த்தார். பிறகு, "இது இன்னும் உண்மையான கதை. நீயும் அக்காவும் சேர்ந்தே ஒரு படத்தில் வரலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் மாட்டோம் என்றேன். பேனரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். இன்னும் இரண்டு ஃபேக்டரிகளில் அது தொங்குகிறது. எப்போது எடுப்பார்கள் என்று தெரியவில்லை. முடிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. ஒடிசாக்காரர் சாயங்காலம் என் டேபிளுக்கு வந்து அதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறையும் தப்பாகச் சொன்னார். நாலாவது முறை சரியாக வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. போன மழைக்காலத்தில் எனக்குக் குடை கொடுக்க ஆபீஸ் கேட் வரைக்கும் வந்தாய். என்னோடு நின்ற ஆபீஸ் பெண் உன்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, எங்கள் ஊர்க்காரர் என்று சொன்னேன். நீ அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாய். முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து போனாய். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனாய். அந்த முதுகைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் முட்டைகளைச் சாப்பிட்ட உடம்போடு நின்று அதைப் பார்த்தேன். படிப்பில் இதற்கெல்லாம் பாடம் இருந்தது, அக்கா. சம்பளம் குறைந்த வீடுகளில் ஏன் உடல் பருக்கிறது என்று பன்னிரண்டு மார்க் கேள்வி. நான் நன்றாக எழுதினேன். எழுதும்போது உன் நினைவு ஒரு முறைகூட வரவில்லை.

புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கி வைக்கிறேன். பிரிஜெட் அக்கா உன்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ வந்தால் சீட்டை அவர் கையில் கொடுக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம். என் பக்கம் பார்க்கவும் வேண்டாம். நீ உள்ளே போவதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ வராவிட்டாலும் சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் இருப்பேன்.

சிந்து


பொம்மனஹள்ளி
28 ஜூன், வெள்ளி

பாப்பாவுக்கு,

பிரிஜெட் உன்னிடம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் எழுதுகிறேன்.

புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பத்து நாள் ஒன்று விட்டு ஒரு நாள் போய் மருந்து கட்ட வேண்டும். அதற்குள் ஆறாவிட்டால் சுண்டுவிரலை எடுத்துவிடுவார்களாம். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, நடுவுல என்ன கிடைக்கும்" என்று கேட்டார். பன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லிவிட்டேன். "சரி, அந்த நேரத்துல ஏதாவது சாப்பிடணும்தான். பன்னுக்குப் பதிலா ரெண்டு முட்டை வேகவெச்சு எடுத்துட்டுப் போக முடியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. பிரிஜெட், "இவளுக்கு முட்டை நாத்தம் ஆகாதுங்க டாக்டர்" என்றாள். நான் ஆகும் என்றேன்.

கோவிந்தப்பா லீவுக்கு முகத்தைச் சுளித்தார். அப்புறம் என்னை உட்கார்ந்து நூல் வெட்டும் வேலைக்கு மாற்றியிருக்கிறார். அவர் அம்மாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டதாம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொன்னார்.

கேட்டில் நீ அந்தப் பெண்ணிடம் சொன்னது அன்றைக்கே என் காதில் விழுந்தது. அப்போதே விட்டுவிட்டேன். நீ திரும்ப எழுதியிருக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் நீ தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். சீட்டை பிரிஜெட் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டாய். நானும் உன் பக்கம் பார்க்காத மாதிரிதான் இருந்தேன். அங்கேயும் முதலில் எடை மிஷின். நர்ஸ் "மேல ஏறும்மா" என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உன்னைத்தான் பார்த்தேன், உன் கண் என்மேல் இருக்கிறதா என்று. நீ சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பியதோடு நிற்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாய். சின்ன வயதில் பட்டாசுக்குப் பயந்து நிற்பாயே, அப்படி. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். நர்ஸ் நம்பரை உரக்கச் சொன்னாள். எல்லார் காதிலும் விழுந்தது. நீ மட்டும் கேட்கவில்லை.

நான் இறங்கி, செருப்பைப் போட்டு, உள்ளே போகும் வரைக்கும் நீ கையை எடுக்கவில்லை.

கேம்ப் முடிந்த அன்று பரணில் போட்ட தட்டை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். அதில் இன்னும் சாப்பிடவில்லை. பேர் தெரிகிற பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தேன். நேற்றுதான் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. ஒரு மணிக்கு வா, அப்போது என்னால் கொஞ்ச நேரம் நிற்க முடிகிறது. பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. சோறு, கீரை, முட்டைக் குழம்பு. நீ முன்னாலேயே வந்தால் கீரையை ஆய்ந்து கொடு. நாலு முட்டை வாங்கியிருக்கிறேன், உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு. இந்த முறை பங்கு அப்படித்தான்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம். ஆனால் நான் சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்காதே. கொஞ்ச நாளைக்கு மட்டும். எனக்குப் பழகும்வரை.

அக்கா